கூடுதல் தாள்

காரைக்குடியில் மதிப்பீட்டு முகாம். மே மாதம்.
விசிறி சுற்றுகிறது, காற்று வேறெங்கோ போகிறது.
கட்டுக்கு இருபது தாள், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று,
பெயர் கிழிக்கப்பட்டு எண் மட்டும் மிச்சம்.

ஆழ்கடல் உயிரிகளின் தகவமைப்புகளை விளக்குக.
பத்து மதிப்பெண்.

பதினாறு பேர் ஒரே கையேட்டிலிருந்து
ஒரே தூண்டில்மீனைப் பிடித்துப் போட்டிருந்தார்கள்
ஒரே எழுத்துப்பிழையோடு.
பதினேழாவது தாளில் கிடந்தது
எந்தக் கடலிலும் கிடைக்காதது.

அணைவாளை என்று பேர் வைத்திருந்தது அந்தப் பிள்ளை.
பென்சில் படம். நாலு முழ நீளமாம்.
கண் இருக்கவேண்டிய இடத்தில் தழும்பு.

ஆறாயிரம் மீட்டருக்குக் கீழே சுண்ணாம்பு நிற்காது,
கரைந்துவிடும்.
ஆகவே அணைவாளைக்கு எலும்பில்லை,
பனங்கிழங்கின் நடுத்தண்டு மாதிரி
ஒரு குருத்து, தலையிலிருந்து வால் வரை.

மற்ற வேட்டைமீன்கள் விளக்கேற்றி இரையை அழைக்கும்.
இதனிடம் விளக்கு இல்லை.
விளக்குள்ள மீனின் பின்னால் போய் நிற்கும்.
செவுளிலிருந்து ஒரு கோழையைக் கசியவிடும்.
கோழை பட்டதும் ஒளிரும் பாக்டீரியாக்கள் தூங்கிப்போகும்.
விளக்குப் போன மீன்
கரண்ட் போன வீட்டில் மனிதர்கள் நிற்பதுபோல்
ஒரு கணம் அசையாமல் நிற்கும்.
அந்த ஒரு கணம் போதும்.

(அணைப்பது என்றால் இருட்டாக்குவது.
அணைப்பது என்றால் தழுவுவதும்தான்.
எதை நினைத்து வைத்த பேர் என்று
தாளில் இல்லை.)

இரைப்பையின் உட்புறம் மட்டும் மையிருட்டு நிறம்.
விழுங்கிய மீன் சிலசமயம் உள்ளே போய் விழித்துக்கொண்டு
கொஞ்சநேரம் ஒளிருமாம்.
அது வெளியே தெரிந்தால்
இதைவிடப் பெரிய வாய் ஒன்று வந்துவிடும்.

இதயம் நிமிடத்துக்கு இரண்டு துடிப்பு.
ஓர் இரை, பதினொரு மாதம்.
பன்னிரண்டாவது மாதம் தன் தசையிலேயே
கடன் வாங்கிச் சாப்பிடும்,
'நடப்பு வட்டிக்கு' என்று எழுதி
அடித்திருந்தது.
அடித்ததற்குக் கீழே படிக்க முடிந்தது.
எந்த வீட்டுப் பிள்ளை என்று
அந்த ஒரு சொல் காட்டிக்கொடுத்துவிட்டது.
அல்லது, எந்த வீட்டில் கடன்பட்ட வீட்டுப் பிள்ளை என்று.

சேர்மன் அருளானந்துவிடம் கொண்டுபோனேன்.
டீ ஆறிக்கொண்டிருக்க விடைக்குறிப்பைப் பிரித்தார்.
"வாய் பெரிசா?"
பெரிசு சார்.
"வயிறு விரியுமா? எலும்பு மெத்துனு இருக்குமா?"
எல்லாம் இருக்கு.
"அப்புறம்?"
அப்படி ஒரு மீனே இல்ல சார்.
"ஆறாயிரம் மீட்டர் இறங்கிப் பாத்தீங்களா மேடம்?"

தொண்டியில் முழங்காலுக்கு மேல்
நான் கடலுக்குள் போனதில்லை.
பதினாலு வருஷமாய் விலங்கியல் நடத்துகிறேன்,
இன்னும் ஒப்பந்த ஊதியம்.

கடைசிப் பக்கத்தின் கடைசி வரி:
'இனப்பெருக்கம்: வாழ்நாளில் ஒரே ஒருமுறை,
முட்டையிடும் அன்று, பெண் தானே ஒளிரும்.
அப்போது ஆண்'

அவ்வளவுதான். முற்றுப்புள்ளி இல்லை.
மூலையில் நூல் கட்டிய ஓட்டை இருக்கிறது, நூல் இல்லை.
மேசைக்கடியில் பார்த்தேன்.
கட்டை அவிழ்த்து உதறினேன்.
பதினெட்டாம் தாளில் மறுபடி தூண்டில்மீன்.

எட்டுப் போட்டேன்.
ஆணுக்குரிய இரண்டை நானே வைத்துக்கொண்டேன்.

தேவகோட்டைக்குக் கடைசிக்கு முந்தின பஸ்.
நான் குடியிருப்பது பெரிய வீடொன்றின் பின்கட்டில்.
இந்தச் சுவர்களின் சுண்ணாம்பை
முட்டை வெள்ளைக்கருவில் குழைத்தார்களாம்.
எத்தனை ஆயிரம் முட்டை, யாரும் கணக்கெழுதவில்லை.
இத்தனையையும் விழுங்கிவிட்டு
வெளியே ஒன்றும் தெரியாமல் நிற்கிறது.

சாவியை ஆணியில் மாட்டும்போது கரண்ட் போனது.
நின்றேன்.

பிறகு கை சுவரைத் தேடியது.
வழுவழுவென்று இருந்தது,
இந்தக் கோடையிலும் குளிர்ந்து.