நூறு கோடியில் மூன்று

சஸ்கட்டூனில் என் வேலை கீரை அரைப்பது.
சமைக்க அல்ல.
எடை போட்டு, உறைய வைத்து, பொடியாக்கி,
சாறு இறக்கி, குப்பியில் எண் ஒட்டி
எந்திரத்திடம் கொடுப்பேன்.
எந்தத் தோட்டத்து இலையில்
எந்த மருந்து எவ்வளவு மிச்சமென்று
அது மலை மலையாய் வரைந்து காட்டும்.
மலையில்லாத தாளை
எட்டு வருடத்தில் அதிகம் பார்த்ததில்லை.

அதனால்தான் சனிக்கிழமைகளில் ஓரெஸ்டிடம் போகிறேன்.
லாரியின் பின்கதவை இறக்கினால் அதுவே கடை.
சான்றிதழ் கிடையாது;
அதற்குக் கட்டும் காசில்
ஒரு கன்றுக்குட்டி வாங்கலாம் என்பார்.
பீட்ரூட் மண்ணோடு, தழை ஓட்டையோடு.
ஓட்டைக்குள் சுண்டுவிரலை நுழைத்து
"எனக்கு முன்னால் ருசி பார்த்தவர்
கையெழுத்து" என்று சிரிப்பார்.

அதிகம் ஒன்றும் செய்வதில்லை நான்.
கிழங்கை மறுநாளுக்கு ஒதுக்கிவிட்டு
தண்டு முதலில், இலை பிறகு,
வெந்த பாசிப்பருப்பில் போட்டு
இரண்டு பல் பூண்டு, உப்பு.
மஞ்சள் போட்டும் பயனில்லை,
எல்லாம் சிவந்துவிடும்.
மூன்று வயதில் அந்த நிறத்தைப் பார்த்து
அகரன் அழுதான்.
ஆறு வயதில் அதற்குப் பெயர் பிங்க் சோறு.

கடைசியில் கடுகு.
இந்த மாகாணத்தில் விளைந்து
எங்கோ பொட்டலமாகி
தமிழ்ப் பெயர் அச்சிட்டுக்கொண்டு
எட்டாம் தெருக் கடைக்குத் திரும்பி வந்த கடுகு.

செப்டம்பரில் ஒரு திங்கள்.
மதியச் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில்
ஒரு பிடி தழையும் கொண்டுபோனேன்.
சந்தேகமில்லை. பெருமைதான் என்று நினைக்கிறேன்.
மலையில்லாத தாளொன்றை
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்ட ஆசை.
இரண்டு எண்களுக்கு நடுவே
எண்ணில்லாத குப்பியைச் செருகிவிட்டு
கை கழுவப் போனேன்.

மூன்று.
நூறு கோடியில் மூன்று.
மலைகூட இல்லை, எறும்புப் புற்று.
சட்டத்தின் கண்ணுக்கு அது தூசு.

ஓரெஸ்ட் தெளிக்கவில்லை. தெரியும்.
வேலிக்கு அப்பால் அடிவானம் முட்டக் கனோலா,
கடுகுக்குத் தாயாதி.
தாயாதி வீட்டு மருந்து
காற்றேறி வந்திருக்கிறது.
பங்காளிச் சண்டை போடவும்
அவருக்கு அங்கே ஆள் இல்லை,
வயலுக்குச் சொந்தம் ஏதோ ஒரு கம்பெனி.

இரவு தயாபரனிடம் சொன்னேன்.
பஸ் டிப்போவிலிருந்து வந்து
சாக்ஸ் கழற்றிக்கொண்டே கேட்டான்:
"நாளெல்லாம் டீசல் குடிக்கிறவனிடமா
இதைச் சொல்கிறாய்?"
தட்டை நீட்டினான்.

மிச்சத் தழையில் அகரன்
ஒரு பச்சைப் புழுவைக் கண்டெடுத்தான்.
ஜாம் பாட்டில் மூடியில் அப்பாவை
ஆணியால் துளைபோட வைத்தான்.
செவ்வாய் தின்றது.
வியாழன் தின்றது.
வெள்ளிக்கிழமை இன்னொரு இலை கேட்டது
(அகரனின் மொழிபெயர்ப்பு).

சனிக்கிழமை எனக்குப் பின்னால் நீள வரிசை.
"வேலியோரம் வேறு ஏதாவது நடலாமே" என்றேன்.
என் ஆங்கிலத்தில் அது
வானிலை பற்றிப் பேசுவதுபோல் ஒலித்தது.
நான் எங்கே வேலை செய்கிறேன் என்று
அவருக்குத் தெரியும்.
தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"மேற்கா?"
"மேற்கு."
நான்கு டாலரை எண்ணாமல் போட்டுக்கொண்டார்.
எப்போதும் வைக்கும் கொசுறு வெங்காயத்தாளை
அன்றும் வைத்தார்.

வீட்டில் தழையை
வழக்கத்தைவிட ஒரு தண்ணீர் கூடுதலாக அலசினேன்.
எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்தபோது
ஒன்று மட்டும் தெறித்து
மணிக்கட்டில் சுட்டுவிட்டுப் போனது.
அடுப்படியில் தேடினேன், காணோம்.

"பிங்க் சோறா?"
பாட்டிலை மேசை நடுவில் வைத்தான் மகன்.
அதற்கும் ஒரு இலை கிள்ளிப் போட்டுவிட்டு
உட்கார்ந்தோம்.