கனமானது நடுவில்

செவ்வாய்க்கிழமை என்றார்கள்.
பையைக் கட்டி வாசலில் வைத்தேன்:
கம்பளிக் காலுறை, மூக்குக்கண்ணாடி,
பாதி படித்த துப்பறியும் நாவல்.
திங்கள் மதியம் தொலைபேசி.
படுக்கை இல்லையாம். அடுத்த வாரம் வியாழன்.
மன்னிப்புக் கேட்டாள் செவிலி சின்னோவ.
அவள் ஜன்னலிலும் பேர்கன் மழை கேட்டது.
பரவாயில்லை என்றேன்.
போனை வைத்த பிறகு
பையை உதைத்தேன்.

வலது நுரையீரலின் மேல் மடலில்
ஒரு கோலிக்குண்டு என்கிறது படம்.
அதற்கு இன்னும் ஒன்பது நாள் கிடைத்திருக்கிறது.
அவ்வளவு வேகமாக வளராது என்கிறார் மருத்துவர்.
பகலில் நம்புகிறேன்.

தோள்பட்டைக்குக் கீழே குத்தினால், அது.
குரல் கரகரத்தால், அது.
போன வாரம் கால் கட்டைவிரல் வலித்தது;
அதுவும் அதுவோ என்று விளக்கைப் போட்டுப் பார்த்தேன்.
புதுச் செருப்பு.
கைக்குட்டையில் ஒருநாள் சிவப்பாய் ஓர் இழை.
தேக்கரண்டிக்கு மேல் என்றால் கூப்பிடு என்றார்கள்.
சமையலறைக்குப் போய்
தேக்கரண்டியை எடுத்து
எவ்வளவு ஆழம் என்று பார்த்தபடி நின்றேன்.

புகைபிடிப்பீர்களா?
ரொட்டிக் கடையில்கூடக் கேட்கிறார்கள்.
பதினெட்டிலிருந்து நாற்பத்தொன்று வரை, என்கிறேன்.
அவர்கள் முகத்தில் ஒரு முடிச்சு அவிழ்கிறது.
கணக்கு நேராகிவிட்டது.
மேல்வீட்டு ஓட்னி மட்டும் கேட்கவில்லை.
மீன் சூப்பை வைத்துவிட்டு
உப்பு குறைவு என்று சொல்லிப் போனாள்.

இருபத்தாறு வருடம்
ஃபியோர்டைக் கடக்கும் கப்பலில் வண்டி அடுக்கியவள் நான்.
மஞ்சள் மேலங்கி, கையில் விளக்கு.
கனமான லாரி நடுவில்.
கார்கள் இருபக்கமும்.
கைப்பிரேக். இஞ்சினை அணை.
கடைசியில் வருகிறவன் எவ்வளவு ஹாரன் அடித்தாலும்
இடம் முடிந்தால் சங்கிலி.
நில், அடுத்த நடை.

இரவு மூன்று மணிக்கு
இருமல் எழுப்பிவிட்டதும்
தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து
அடுக்குகிறேன்.
கத்தி நடுவில்.
கண் விழிக்காமல் போனால், அதன் பின்னால்,
சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து.
வடிகுழாய், சம்பளம்,
மகன் ஐவின்டிடம் இன்னும் சொல்லாதது, இடப்பக்கம்.
பரவியிருந்தால்? என்று
கரையில் ஒன்று ஹாரன் அடிக்கிறது.
சங்கிலியைப் போடுகிறேன்.
சில இரவு சங்கிலியைத் தாண்டி ஏறிவிடுகிறது.
அப்போது கப்பல் சாய்கிறது,
ஒன்றும் செய்வதற்கில்லை,
கம்பியைப் பிடித்துக்கொண்டு
விடியும்வரை.

பகலுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள்.
பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூன்று நீலப் பந்து;
மூச்சை உள்ளிழுத்தால் எழ வேண்டும்.
முதல் பந்து சுலபம். இரண்டாவது நடுங்கும்.
மூன்றாவது என்னை முறைத்தபடி படுத்திருக்கும்.
வீட்டுக்குப் பின்னால் நூற்றுப் பன்னிரண்டு படி.
நாற்பதில் நிற்கிறேன்.
மூச்சு வாங்குவதற்கு
துறைமுகம் பார்ப்பது என்று பெயர்.

ஞாயிறன்று நாட்காட்டியைத் திருப்பினால்
பின்பக்கம் பென்சில் கோடுகள்,
ஐந்தைந்தாகக் கட்டியவை. டோர்லைவின் கை.
புதன் பதினான்கு. வியாழன் பத்தொன்பது.
வெள்ளி இருபத்திரண்டு.
தூங்குகிறான் என்றல்லவா நினைத்தேன்.
தலையணையைக் கடித்து நான் விழுங்கிய இருமலுக்கும்
ஒரு கோடு, சிறியதாய், சாய்வாய்.

அன்றிரவு எதையும் விழுங்கவில்லை.
இருமி முடித்து
இருட்டைப் பார்த்து, எத்தனை? என்றேன்.
நெடுநேரம் மழை மட்டும்.
பிறகு, ஏழு, என்றான்.
எட்டு, என்றேன்; இன்னொன்று வந்துகொண்டிருந்தது.
சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலைக் கிளப்பியது.
அவனுக்குக் கணக்கு தவறிப்போனது.

காலையில் இரண்டாவது பந்து நடுங்கவில்லை.
மூன்றாவது ஒரு விரற்கடை அசைந்தது,
இல்லை, நான் மேசையை இடித்திருப்பேன்.
இன்னும் மூன்று நாள்.
பை வாசலிலேயே இருக்கிறது.
நாவலை மட்டும் வெளியே எடுத்துப் படிக்கிறேன்,
கடைசி முப்பது பக்கத்தை
கிளிப் போட்டு மூடிவிட்டு.
கொலைகாரன் யாரென்பது
வெள்ளிக்கிழமைக்கு.