ஒரு நூல் தாழ்வு

இடது ஓரம் மண் தெரிகிற மொட்டை.
வலது ஓரத்தில் புல் கணுக்காலை மறைக்கிறது.
"முடிவெட்டும் நாற்காலியிலிருந்து
பாதியில் எழுந்து ஓடியவன் தலை" என்றார்
உடற்கல்வி இந்திராணி மேடம்.
வெள்ளிக்கிழமை மண்டலக் கால்பந்து.
அன்று புதன்.

வடுவூர் தாண்டி, வயல் நடுவே கல்லூரி.
உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டிக்கு
நான்தான் ஆள்.
டிராக்டர் குட்டி போட்டிருக்கு என்பார்கள்
டீக்கடையில்.

முதலில் டயர்.
இடது பின்சக்கரத்தில் காற்று எட்டு,
வலதில் பதினான்கு.
அடித்துச் சமமாக்கினேன்.
பாதிக் கோணல் போயிற்று.
மீதி, வெட்டுத்தட்டில்.

வண்டியோடு வந்த புத்தகம் சொன்னது:
மட்டமான தரையில் நிறுத்தவும்.
எழுதியவர் எந்த ஊரோ.

கழிப்பறைக் கட்டடத்தில் வேலையாயிருந்த
கொத்தனார் லூர்துராஜைக் கூப்பிட்டேன்.
தண்ணீர் நிரப்பிய குழாயைத் தோளில் சுற்றி வந்தார்.
சைக்கிள் ஷெட்: மூன்று அங்குலம் சாய்வு.
மெஸ் முற்றம் சாக்கடையைப் பார்த்து.
பஸ் நிற்கும் சிமெண்ட் தளம் கிழக்கே.
கொடிமேடை மட்டும் மேற்கே.
அது கான்ட்ராக்டர் சாய்வு.
"கல்லணையிலேர்ந்து கடல் வரைக்கும்
எல்லாம் தண்ணிக்குச் சாதகமா கெடக்கு.
ஒன் கண்ணுக்குத் தெரியாது,
கொழாய்க்குத் தெரியும்" என்று
நுனியில் கட்டைவிரலை வைத்து அடைத்தார்.

மிஞ்சியது இறகுப்பந்துக் கூடம்.
சாவி கலியபெருமாளிடம்.
"செருப்போட ஆளையே விடமாட்டேன்,
டயரா?"
மேடம் எழுதிக் கொடுத்தார்.
ஆண்டுவிழா பிளெக்ஸை விரித்தோம்,
சிறப்பு விருந்தினரின் முகம்
அடியில் போகும்படி திருப்பி,
மரியாதைக்கு.
கபடிப் பெண்கள் ஐந்து பேர்
நியூட்ரலில் தள்ளினார்கள்.
குமிழி எல்லாம் வெளியேறும்வரை காத்திருந்து
லூர்துராஜ் இரண்டு நுனியையும் பார்த்தார்.
ஒரே கோடு.

பிளக் ஒயரைப் பிடுங்கி ஓரமாகக் கட்டினேன்.
கையுறை மாட்டி, பிளேடை
இடம் வலமாகத் திருப்பி, குப்புறப் படுத்து அளந்தேன்.
ஜியாமெட்ரி பெட்டி ஸ்கேல்.
அதில் பூஜ்யம் நுனியிலிருந்து தொடங்குவதில்லை என்பது
இரண்டாம் முறை அளந்தபிறகுதான் தெரிந்தது.
மறுபடி.
இடது இரண்டேகால், வலது இரண்டரை.
இடதுபக்கத் தொங்குகம்பியின் நட்டைக்
கால் சுற்று, இன்னொரு கால் சுற்று.
கைதவறி ஒரு லாக் நட் விழுந்தது.
எங்கள் ஷெட்டில் விழுந்தால் வடிகால்வரை துரத்துவேன்.
இங்கே
விழுந்த இடத்திலேயே கிடந்தது.
கொஞ்ச நேரம் அதை எடுக்கவில்லை.

இரண்டு பக்கமும் சரி.
அடுத்தது முன்னும் பின்னும்.
பிளேடின் முன்நுனி பின்நுனியைவிட
ஒரு நூல் தாழ்ந்திருக்க வேண்டும்.
இல்லாவிட்டால் வெட்டிய புல்லையே
பின்னால் மறுபடி வெட்டும்.
"மட்டம் பண்றேன்னு சொல்லிட்டுச்
சாய்க்கிறியே" என்றார் லூர்துராஜ்.
பிறகு யோசித்து,
"பாத்ரூம் மாதிரி."

வியாழன் காலை பனியிறங்கக் காத்திருந்து ஓட்டினேன்.
உண்ணிக்கொக்குகள் ஏழு, சக்கரத்துக்குப் பின்னே
சம்பளத்துக்கு வந்ததுபோல் நடந்தன.
சீப்பு வைத்து வாரிய மாதிரி புல்,
வடக்குக் கோல் வரை.
அங்கே ஓர் இடத்தில் பிளேடு மண்ணைத் தொட்டது.
திரும்பி வரும்போதும், அதே நேருக்கு.
இறங்கிப் பார்த்தேன்:
பெனால்டி கட்டத்தைக் குறுக்கே அறுத்து
முப்பது அடிக்கு ஒரு மொட்டைக் கோடு.
கீழே வரப்பு.
எல்லாம் மொட்டையாய் இருந்தவரை
அது தனியாகத் தெரியவில்லை.
யாருடைய வரப்பு என்று
அலுவலகத்தில் யாரும் சொல்லவில்லை.
இரண்டு சால் நிலம் வாங்கினால்
நடுவில் ஒன்று இருக்கத்தானே செய்யும்.

தட்டை ஒரு பல் உயர்த்தி
அந்த இடத்தை மட்டும் மறுபடி ஓட்டினேன்.
போன புல் போனதுதான்.

வெள்ளிக்கிழமை
நாகப்பட்டினத்திலிருந்து வந்த நடுவர்
விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்:
இதில் எந்தக் கோடு கோடு?
மேடம் என்னைப் பார்த்தார்.
கூடத்தில் கலியபெருமாள்
மண்ணெண்ணெய்த் துணியோடு முழங்காலிட்டு,
நான் விட்டுவந்த ஒரே ஒரு டயர்த் தடத்தைத்
துடைத்துக்கொண்டிருந்தார், மூன்றாம் நாளாக.