ஒரு கல் ஐந்தடி

நாற்பத்து மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன்.
வாள் எங்கே பட்டால் எவ்வளவு ரத்தம்,
துருப்பிடித்த வேலுக்குத் தனிக் கணக்கு,
ஈரத் தரையில் கால் வழுக்க ஒரு பட்டியல்,
மூச்சு வாங்குவதற்கும் ஒன்று.

காரைக்குடி செக்காலை ரோடு,
செல்போன் ரிப்பேர் கடைக்கு மேல்மாடி.
ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு
சேவுகன் ஒரே ஒரு வெட்டு வெட்டினான்.
அது கொள்ளைக்காரன் தோளில் இறங்கும்போது
மணி ஆறு ஐம்பது.
இடையில் கரண்ட் போய் வந்தது.
மசாலா சீயம் ஆறிப்போனது.
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி நான்
எலும்பு முறிவுப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.
"நெசமாவே வெட்டியிருந்தா
இந்நேரம் ஜாமீனே கெடைச்சிருக்கும்"
என்றான் அடைக்கலம், வக்கீல் குமாஸ்தா.
சிரிப்பு அடங்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு
என்னிடம் பட்டியல் இல்லை.

அடுத்த வாரம் எல்லாவற்றையும் கிழித்தேன்.
இருபது முகப் பகடை.
பதினொன்றுக்கு மேல் விழுந்தால் அடி.
மூன்று அடி வாங்கினால் ஆள் காலி.
ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில்
மொத்தச் சட்டமும் அடங்கிற்று.
தரையில் ஆத்தங்குடிக் கல்; ஒரு கல் ஐந்தடி.
சிவப்புப் பூவிதழ்களின் மேல்
சோடா மூடிகள் நகர்ந்தன,
பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் இரண்டாம் கட்டுக்குள்.
சடசடவென்று பதினேழு பேர் செத்தார்கள்.
எட்டு மணிக்கே கொட்டாவி.
கொன்ற மாதிரியே இல்லை,
லாரியிலிருந்து மூட்டை எண்ணி இறக்கிய மாதிரி இருந்தது.

உமையாள் அன்று தாமதம்.
அவசரப் பிரிவு நர்ஸ், கையில் இன்னும் ஸ்பிரிட் வாசம்.
நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:
"போன மாசம் ஒருத்தர், உடம்புல ஏழு வெட்டு,
தானா நடந்து வந்து
சீட்டு எங்க போடணும்னு கேட்டார்.
இன்னொருத்தர், கட்டைவிரல்ல கீறல்,
வாசல்லயே மயங்கி விழுந்தார்.
எதை எழுதுவீங்க?"
பதிலுக்குக் காத்திராமல் பகடையை உருட்டினாள்.
நான்கு. படவில்லை.

ராத்திரி பைக்கில் கோவிலூர் வரை
சும்மா போய்த் திரும்பினேன்.
எடை காட்டாத தராசு எதற்கு?
தூசியையும் நிறுக்கிற தராசில்
வெங்காயம் வாங்க முடியுமா?
ரயில்வே கேட் மூடியிருந்தது.
வண்டியை அணைத்துவிட்டு
டிக்கெட்டில் ஒரு வரி சேர்த்தேன்:
அடி வாங்கியவர்
இனித் தன்னால் எது முடியாது என்று
தானே சொல்ல வேண்டும்.
எண் கிடையாது.

சேவுகனுக்கு வயிற்றில் வேல்.
சிமெண்ட் கடையில் நாள் முழுக்கக் கத்துகிற ஆள்,
பகடையைப் பார்த்தான், மூடியைப் பார்த்தான்.
"கூப்பிட முடியாது" என்றான்.
"பின்கட்டுல இருக்கிற உங்கள
இனிக் கூப்பிட்டுச் சொல்ல முடியாது, ஆள் வர்றான்னு."
கீழே கடையில் யாரோ
ரிங்டோன்களை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.
உமையாள் தன் மூடியை
அவன் பக்கமாக இரண்டு கல் நகர்த்தினாள்.
தப்பு.
அவளுடைய ஆளுக்கு எதுவும் கேட்டிருக்காது.
நடுவர் நான்தான்.
வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு அடைக்கலத்துக்கு முழங்காலில் ஒரு அடி.
"இனி என்னால பொய் சொல்ல முடியாது" என்றான்.
முழங்காலுக்கும் பொய்க்கும் என்ன சம்பந்தம் என்று
அரை மணி நேரம் வழக்கு நடந்தது.
வாய்தா கேட்டான்; கொடுத்தோம்.

இப்போது தகராறு வேறு.
தூண் ஓரத்துக் கல் ஒன்று மூலை உடைந்திருக்கிறது.
கொள்ளைக்காரர் தலைவன் அதன் மேல் நிற்கிறான்.
அது ஐந்தடியா, நாலரையா?
வேல் எட்டுமா, எட்டாதா?
எட்டும் என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன்.
ஒருவரும் கேட்கவில்லை.
சேவுகன் கடையைத் திறந்து
டேப் எடுத்துவரப் போயிருக்கிறான்.