மார்ச் 24க்கு அடுத்த பக்கம்

காகிதத்திலும் ஒட்டிக்கொண்டு வரும் என்றார்கள்.
பதிவாளர் கையெழுத்தோடு சுற்றறிக்கை:
மறு உத்தரவு வரும்வரை நாளிதழ்கள் நிறுத்தம்.
பதினொரு தாளுக்கும் தேதி முத்திரை குத்தி
கழியில் கோத்துத் தொங்கவிட்டுப் பழகிய கைக்கு
அன்றிலிருந்து பெருவிரலில் மட்டும் வேலை.

விடிய ஐந்தரைக்கு
வல்லத்து மொட்டைமாடியில் நின்றால்தான் சிக்னல்.
இறக்குவேன், அனுப்புவேன்.
நூலகக் குழுவில் நூற்று நாற்பது பேர்.

"எழுத்து எறும்பு மாதிரி இருக்கும்மா" என்றார்
மண்ணியல் துறை ஆரோக்கியதாஸ்.
ரெண்டு விரல வச்சு விரிங்க சார் என்றேன்.
விரித்தார். விரித்துக்கொண்டே போய்
தலையங்கத்தில் ஒரு 'ழ'வுக்குள் மாட்டிக்கொண்டு
வெளியே வர வழி கேட்டார்.

ஓட்டுநர் மகிழ்நனுக்கு ராசிபலன் போதும்.
விடுதி ஜெய்னம்பு கேட்பது மாவட்டவாரி எண்ணிக்கை.
தேர்வுப் பிரிவு கலியபெருமாளுக்கு
ஒரே ஒரு வரி: மேட்டூர் நீர்மட்டம்.
ஒரத்தநாட்டுப் பக்கம் மூன்று மா நிலம்.
நாற்று விடுவதா வேண்டாமா என்று
அணையைக் கேட்டுத்தான் சொல்வார்.
எல்லாருக்கும் முன்னால், ஐந்து முப்பத்திரண்டுக்கு,
அவர் கட்டைவிரல் வந்து நிற்கும்.

ஜூனில் திறந்தார்கள்.
புது ஆற்றில் தண்ணீர் வந்ததைப்
பாலத்தில் நின்று பார்க்க ஆளில்லை.
ஆறாம் பக்கத்தில் பார்த்தோம், மங்கலாக.

ஆகஸ்டில் மூன்று நாள் கட்டைவிரல் வரவில்லை.
நடவாக இருக்கும் என்று நினைத்தேன்.
நான்காம் நாள்
கோப்பைத் திறக்காமலே அனுப்பிவிட்டேன்.
ஒன்பதாம் பக்கம், கீழே, வலப்புறம்,
தபால்தலை அளவில் அவர்.
விரித்தால் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது.

நான்தான் அனுப்பியிருக்கிறேன்,
அவருக்கும்.
யார் யார் படித்தார்கள் என்ற பட்டியலில்
சாயங்காலம் நாலு பத்துக்கு அவர் பெயர் ஏறியது.
அந்த வீட்டில் யாரோ
நீர்மட்டம் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது மூன்று தாள் வாங்குகிறோம்.
படிக்க வருகிறவர்கள் அதைவிடக் குறைவு;
போனிலேயே முடிந்துவிடுகிறது எல்லாருக்கும்.

பைண்டிங்குக்கு அடுக்கும்போது
மார்ச் 24க்கு அடியில் நேராக அக்டோபர் 5.
நடுவில் உள்ள நாட்கள் என் போனில் இருந்தன.
இடம் போதவில்லை, அழிக்கட்டுமா என்று
அது ஏதோ ஒரு பேருந்தில் கேட்டபோது
சரி என்று தொட்டிருக்கிறேன்.

விடுபட்ட இடத்தில் வெள்ளைத்தாள் வைத்து
'இதழ் வரவில்லை' என்று எழுத வேண்டும். விதி.
வந்ததே.
தினமும் ஐந்தரைக்கு வந்ததே.

பேனாவை மூடி வைத்திருக்கிறேன்.
பைண்டர் கோணி ஊசியோடு நிற்கிறார்.