நாற்பத்தோராம் வரி

"கணப்புக்கு வரும் கேஸை நிறுத்தும் இடம்"
என்று அச்சடித்து, பக்கத்தில் ஒரு கோடு.
பத்தொன்பது வருஷம் இங்கே குடியிருந்த
ஐலி கங்காஸ்
கோட்டைப் பார்த்தாள், பிறகு என்னை.
"சுவிட்சைத் தட்டினால் எரியும், தட்டினால் அணையும்.
அதற்குமேல் நான் கேட்டதில்லை."

துலூத்தில் ஜனவரி.
ஜன்னல் முழுக்க உறைந்த ஏரி.
வாங்க வந்த ஜோடி காரைவிட்டு இறங்கவில்லை,
ஹீட்டர் ஓடுகிறது.
நான் பென்சிலால்தான் எழுதுவேன்.
இந்தக் குளிரில் பேனா மை கட்டிப்போகும்.

விற்கிற வீட்டைச் சோதித்துச் சொல்வது என் பிழைப்பு.
வால்வுகள் எங்கெங்கே ஒளியும் என்று கொஞ்சம் தெரியும்.
மண்டியிட்டுக் கணப்பின் அடித்தட்டைக் கழற்றினேன்:
தூசி, செத்த வண்டு, எந்தப் பிள்ளையுடையதோ
ஒரு பிளாஸ்டிக் குதிரை.
நிலவறையில் குழாயைத் தடவிக்கொண்டே நடந்தேன்.
மீட்டர், கொதிகலன், சமையல் அடுப்பு,
அங்கே ஒரு கிளை பிரிந்து
உத்தரத்துக்குள் புகுந்து காணாமல் போகிறது.
மேலே வந்து அதே தூரத்தைக் காலடியால் அளந்தேன்.
புத்தக அலமாரியில் முட்டி நின்றேன்.

"கர்ட்டுக்குத் தெரியும்" என்றாள்.
யார் கர்ட் என்று கேட்கவில்லை.
சுவரில் படங்கள் தொங்கிய இடங்கள்
சதுரம் சதுரமாய் வெளுக்காமல் இருந்தன.

போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள்.
அரிசோனாவில் ஒரு நாய் குரைத்தது.
ஒரு பெண்குரல் அதை அதட்டியது.
"ஐலியா?"
அவள் நலம் விசாரிக்கவில்லை.
நாற்பத்தோராம் வரியை அப்படியே வாசித்தாள்.
கொஞ்ச நேரம் நாய் மட்டும்.
"அந்த அலமாரிக்கு அடியில். நீ நகர்த்தவே விடாதது."
"நகர்த்தச் சொல்லி நீ கேட்டதே இல்லை."
"கேட்டேன்."
"எப்போது?"
நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

புத்தகங்களோடே தள்ளினோம், இரண்டு பேரும்.
கம்பளத்தின் மூலையை உரித்தால்
அரையடி தள்ளி
ஒரு நாணயம் போலப் பித்தளை வில்லை,
நடுவில் சதுர ஓட்டை.
"சாவி வேண்டுமே" என்றேன்.
"சமையலறையில் விட்டுவந்தேன்" என்றது தரை,
"ஒரு சாண் நீளம், மேலே வளையம்."

ஐலி எழுந்து நின்றாள். நின்றபடியே இருந்தாள்.
பிறகு சமையலறை ஜன்னலுக்குப் போனாள்.
ஜெரேனியம் தொட்டியில்
தண்டுக்குத் துணையாய் ஊன்றிய கம்பியிலிருந்து
நூலை ஒவ்வொரு முடிச்சாய் அவிழ்த்தாள்.
அவசரமே இல்லை.
செடி மெல்லச் சாய்ந்து கண்ணாடியில் தலையை வைத்தது.
மண்ணைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

விதிப்படி நான்தான் திருக வேண்டும்.
விட்டுக்கொடுத்தேன்.
முதல் முறை அசையவில்லை.
இரண்டாம் முறை உள்ளே ஏதோ முனகி இடம் கொடுத்தது.
தீ ஓரங்களில் குட்டையாகி,
நடுவில் நீலமாய் நின்று,
விதை அளவுக்குச் சுருங்கி,
அதுவும் போனது.
குளிர்பெட்டி ஓடும் சத்தம்
அப்போதுதான் காதில் விழுந்தது.

"அணைந்ததா?" என்று தரையிலிருந்து கேட்டது.
அவள் பதில் சொல்லவில்லை.
"அணைந்தது" என்றேன் நான்,
அதற்குத்தானே எனக்குக் கூலி.
நாய் மறுபடி குரைத்தது. லைன் போனது.

எழுதினேன்: கணப்புக்கு வலப்புறம்,
சுவரிலிருந்து பதினொரு அங்குலம், கம்பளத்துக்கு அடியில்.
சாவி: பூந்தொட்டி.
அடித்துவிட்டு, சாவி: உரிமையாளரிடம்.
எந்த உரிமையாளர் என்று படிவம் கேட்கவில்லை.

காருக்குக் கையசைக்கக் கதவைத் திறந்தபோது
அவள் பின்னால் வந்து கையை நீட்டினாள்.
"எழுதி முடித்துவிட்டீர்களா?
அந்தப் பென்சிலைக் கொடுங்கள்.
செடி விழுகிறது."