ஏழு கிலோவுக்குள்

பாடாங் செராய் செம்பனை ஆலையில்
நான் எடைக் கிராணி.
குலையோடு லோரி மேடை ஏறினால் ஓர் எண்,
கொட்டிவிட்டு வந்தால் இன்னோர் எண்.
பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கவே
பத்தொன்பது வருஷமாகச் சம்பளம்.

கோமளேஸ்வரிக்கும் எனக்கும் சேர்ந்தாற்போல்
சீட்டு விழுந்தது.
அவள் தங்கம் என்றாள். நான் ஜார்ஜியா என்றேன்.
அது எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.
எனக்கும் சரியாகத் தெரியாததால்
ஞாயிற்றுக்கிழமை பினாங்குக்கு பஸ் ஏறினோம்.

சந்தை மாடிப் பழைய புத்தகக் கடையில்
அந்த நாட்டுக்கு மூன்று கையேடுகள் இருந்தன.
நான் பார்த்திராத ஒரே மலையைப் பற்றி
மூன்றும் மூன்று விதமாகச் சத்தியம் செய்தன.
தராசைச் சோதிக்க
எடை தெரிந்த கல் ஒன்று வேண்டும்.
அதே மூன்று கம்பெனியும்
நம் நாட்டுக்குப் போட்ட புத்தகங்களைக் கேட்டேன்.
வாங்கப் போவதில்லை என்று தெரிந்தே
காதர் பாய் ஏணி போட்டு எடுத்துத் தந்தார்.

முதலாவதில் எங்கள் ஊரே இல்லை.
சாலை மட்டும் இருந்தது, சிவப்புக் கோடாக.
இரண்டாவதில்,
'எண்ணெய் போட்டுக்கொள்ள வசதியான இடம்.'
மூன்றாவதில் நான்கு வரி.
'மழையில் இறங்கினேன்.
ஒரு கடைவரிசையைப் பார்த்தேன்.
ரொட்டி நன்றாக இருந்தது.
மற்றதை நான் பார்க்கவில்லை.'

அந்தக் கடைசி வரிக்காகவே
மூன்றாம் கம்பெனியின் ஜார்ஜியாவை எடுத்தேன்.
பதினெட்டு வெள்ளி. பேரம் பேசவில்லை,
கோமளா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

யாரோ படித்த பிரதி.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரை
பென்சில் குறி. அப்புறம் சுத்தம்.
அந்த ஆள் போய்வந்தாரா,
பென்சில்தான் தீர்ந்ததா?

அச்சிட்டு எட்டு வருஷம் ஆகிவிட்டது.
அறை வாடகையை ஒன்றரையால் பெருக்கினேன்.
பஸ் நேரத்தை நம்பவில்லை.
மலைகளை அப்படியே விட்டேன்.
அடையாளத்துக்குப் பாழாய்ப்போன எடைச் சீட்டுகளைச் சொருகினேன்.
தேவாலயத்தில் பதினாறு டன்,
வெந்நீர்க் குளியலில் ஒன்பது டன் நானூறு.

விமானத்தில் ஆளுக்கு ஏழு கிலோதான்.
புத்தகமே எண்ணூற்றுப் பத்து கிராம்.
கோமளா பிளேடை நீட்டினாள்.
கடற்கரைக்கு நாள் இல்லை, வெட்டு.
குகை ஊர், படி ஏற அவள் முழங்கால் விடாது, வெட்டு.
ஒயின் பற்றி இருபது பக்கம்.
கொஞ்சம் யோசித்து இரண்டை மட்டும் வைத்தோம்.
'நன்றி', 'எவ்வளவு', 'வழி தவறிவிட்டேன்'
இருந்த தாளை இவள் இரண்டாக மடித்து
பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

முந்நூறு கிராம் எங்களுடையது.
மிச்சத்தை ஆபீஸ் மேசையில் போட்டிருந்தேன்,
தேநீர்க் குவளைக்கு அடியில்.

குலை வரிசை நீளும் நாட்களில்
லோரிக்காரர்கள் எதையாவது புரட்டுவார்கள்.
வேலப்பன் விரலை வைத்து எழுத்துக்கூட்டி
மூன்று நாள் அதையே படித்தான்.
"கிராணியம்மா, இந்தக் கடற்கரை ஊருக்கு
நீங்க போகலையா?"
"நாள் பத்தல."
"அப்ப நான் வச்சுக்கவா?"
பக்கத்தையா ஊரையா என்று நான் கேட்கவில்லை.

கொட்டிவிட்டு வந்து மேடை ஏறினான்.
வெயில் தடுப்புப் பலகையில் அந்தத் தாள்கள்
ரப்பர் வளையம் போட்டு இருந்தன.
என் தராசு இருபது கிலோவுக்குக் கீழே
எதையும் காட்டாது.
வெற்று எடை எட்டாயிரத்து நானூற்று நாற்பது,
போன வாரமும் அதுவே.

சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
தேதியைப் பார்த்தான்,
அதையும் கடல் இருந்த பக்கத்தில் சொருகிவிட்டு
கியரைப் போட்டான்.